தேதியில் விட்டுப்போன பாதியை நிரப்புவது யார்? டேட் பார்சிங்கின் டீஃபால்ட் மதிப்புகள்: முழுமையான வழிகாட்டி

ஆம்பூர்ப் பக்கம் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன யூனிட்டுக்கு ஒரு பைத்தான் நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். தோல் லாட் எந்தத் தேதியில் வந்தது, வந்து எத்தனை நாள் ஆகிறது என்று தினமும் காலையில் ஒரு பட்டியல் போடும். அவ்வளவுதான் அதன் வேலை. கத்திரி வெயிலில் ஒரு நாள் சூப்பர்வைசர் அக்கா போன் செய்தார்.

"இன்னா தம்பி இது, இந்த நாலு லாட்டுக்கு மட்டும் வயசே ஆவ மாட்டுது? முந்தாநாளும் 61 நாள், நேத்தும் 61, இன்னிக்கும் 61."

காட்பாடியிலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். மற்ற லாட்டுகளுக்கெல்லாம் முழுத் தேதி இருந்தது. அந்த நான்குக்கு மட்டும் "மார்ச்" என்ற மாதமும் வருடமும்தான். பழைய நோட்டிலிருந்து ஏற்றும்போது நாள் தெரியாததால் அப்படியே விட்டிருக்கிறார்கள். என் நிரல் என்ன செய்தது? நாள் எங்கே என்று கேட்கவில்லை. இன்று என்ன நாளோ அதை எடுத்துப் போட்டுக்கொண்டது. மே 12 அன்று ஓட்டினால் அந்த லாட் மார்ச் 12 அன்று வந்ததாம். மே 13 அன்று ஓட்டினால் மார்ச் 13. இரண்டு முனையும் சேர்ந்து நடந்தால் இடைவெளி எப்படி மாறும்? மே மாதம் முழுக்க 61தான். அக்கா கவனிக்காமல் விட்டிருந்தால் ஜூன் 1ஆம் தேதி காலையில் அதே லாட் ஒரே ராத்திரியில் 92 நாளுக்குத் தாவியிருக்கும். மார்ச் 1க்கும் ஜூன் 1க்கும் இடையே 92 நாள், கணக்கு சரிதானே.

ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. தப்பு என்னுடையது. உரையாக எழுதிய தேதியைக் கணினித் தேதியாக வாசிப்பதுதான் பார்சிங்; அதைச் செய்யும் ஃபங்ஷனுக்கு நாம் கொடுக்கும் மதிப்பு ஆர்க்யுமென்ட்; கொடுக்காவிட்டால் அது தானாக எடுத்துக்கொள்வது டீஃபால்ட். நான் எழுதாத ஒரு ஆர்க்யுமென்ட் எனக்காக வேலை செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அந்த ஆர்க்யுமென்ட்டைப் பற்றித்தான் இந்த வழிகாட்டி.

ஒரு சின்னக் குறிப்பு. நிரல் வரிகளையும் ஃபங்ஷன் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். எடிட்டரில் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். மாதப் பெயர் வரும் உதாரணங்களிலும் அப்படியே; இந்த லைப்ரரிகளுக்கு "ஜூலை" என்று தமிழில் கொடுத்தால் புரியாது.

படி 1: உரையில் என்ன இருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள்

ஒரு முழு நேரக்குறி என்றால் வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், நொடி, அப்புறம் நேர மண்டலம். மொத்தம் ஏழு துண்டு. மனிதர்கள் எழுதும் தேதியில் ஏழும் இருப்பதே இல்லை. "10/7" என்பதில் இரண்டு. "10:30" என்பதிலும் இரண்டு, ஆனால் வேறு இரண்டு. "1989" என்றால் ஒன்றே ஒன்று. வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்த வருடம் என்று நமக்குப் புரியும், நிரலுக்குப் புரியாது.

கணினிக்குள் இருக்கும் டேட்டைம் பெட்டியிலோ பாதி காலியாக விட வழியில்லை. எல்லா அறையிலும் ஏதாவது ஒரு எண் உட்கார்ந்தே ஆக வேண்டும். அந்த "ஏதாவது" எங்கிருந்து வருகிறது என்பதில்தான் மொழிக்கு மொழி வித்தியாசம்.

அதனால் நிரல் எழுதும் முன் உங்கள் கோப்பைத் திறந்து தேதி நெடுவரிசையைக் கண்ணால் ஒரு முறை மேலிருந்து கீழே பாருங்கள். முதல் பத்து வரி போதாது. பழைய நோட்டிலிருந்து ஏற்றிய பகுதி, ஆள் மாறிய பகுதி, நிதியாண்டு திரும்பும் பகுதி, இங்கேதான் பாதித் தேதிகள் பதுங்கியிருக்கும். என் நான்கு லாட்டும் 300ஆவது வரிக்குக் கீழே இருந்தன.

படி 2: உங்கள் ஃபங்ஷன் எதை வைத்து நிரப்புகிறது என்று கண்டுபிடியுங்கள்

பைத்தானில் பலரும் பயன்படுத்தும் டேட்யூட்டில் லைப்ரரியை எடுத்துக்கொள்வோம். அதன் பார்ஸ் ஃபங்ஷனுக்கு "டீஃபால்ட்" என்றே பெயருள்ள ஒரு ஆர்க்யுமென்ட் உண்டு. நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால் அது இன்றைய தேதியை, நள்ளிரவு 00:00 மணியோடு எடுத்துக்கொள்ளும். உரையில் கிடைத்த துண்டுகளை அதன் மேல் ஒட்டும். கிடைக்காத இடத்தில் இன்றைய துண்டு அப்படியே நிற்கும். "10:30" கொடுத்தால் இன்று காலை 10:30. "1989" கொடுத்தால் 1989ஆம் வருடத்தில் இன்றைய மாதம், இன்றைய நாள். வெறும் "10" கொடுத்தால் இந்த மாதம் 10ஆம் தேதி.

இதில் இரண்டு நுணுக்கம் உண்டு. ஒன்று, அந்த நள்ளிரவு சலுகை நீங்கள் எதுவும் கொடுக்காதபோது மட்டும்தான். "நானே தெளிவாகக் கொடுக்கிறேன்" என்று டீஃபால்ட் இடத்தில் டேட்டைம் டாட் நவ் என்று எழுதினால், இப்போதைய மணி, நிமிடம், மைக்ரோநொடி வரை எல்லாம் தேதியோடு ஒட்டிக்கொண்டு வரும். அப்புறம் இரண்டு தேதியும் ஒன்றா என்று ஒப்பிட்டால் ஒருபோதும் ஒன்றாக இருக்காது. இரண்டு, நாள் இல்லாத உரைக்கு மட்டும் டேட்யூட்டில் கொஞ்சம் கருணை காட்டும். ஜனவரி 31 அன்று "பிப்ரவரி 2023" என்று கொடுத்தால் பிப்ரவரி 31 என்று முட்டிக்கொள்ளாமல் 28க்கு இறங்கிக்கொள்ளும். கருணைதான், ஆனால் அதனாலேயே பிழை இன்னும் ஆழத்தில் புதைகிறது.

பைத்தானோடு கூடவே வரும் ஸ்ட்ரிப்டைம் வேறு ரகம். அது இன்றைய தேதியைத் தொடுவதே இல்லை. அதன் அடித்தளம் 1900 ஜனவரி 1. "10:30" என்ற உரையை "%எச்:%எம்" (இரண்டும் பெரிய எழுத்து) என்ற வடிவத்தில் கொடுத்தால் 1900ஆம் வருடம் ஜனவரி 1, காலை 10:30 வரும். பார்த்தவுடன் தப்பு என்று தெரியும். அதனாலேயே எனக்கு இது பிடிக்கும். விட்டுப்போன இடத்தை மறைக்காமல் வெளியே காட்டுகிறது.

ஆனால் அதிலும் ஒரு முள் உண்டு. 1900 லீப் வருடம் இல்லை. நூறால் வகுபட்டு 400ஆல் வகுபடாத வருடத்துக்கு பிப்ரவரி 28தான். அதனால் "29 பிப்ரவரி" என்று வருடம் இல்லாமல் ஸ்ட்ரிப்டைமுக்குக் கொடுத்தால் அப்படி ஒரு நாளே இல்லை என்று தூக்கி எறிந்துவிடும். மூன்று வருடம் நன்றாக ஓடிய நிரல் நான்காவது வருடம் ஒரே ஒரு நாள் மட்டும் விழும். இந்தத் தொல்லை தாங்காமல்தான் பைத்தான் 3.13 முதல் வருடம் இல்லாமல் நாளைக் கேட்கும் வடிவத்துக்கு எச்சரிக்கை கொடுக்க ஆரம்பித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், எக்செலைக் கேட்டால் 1900 பிப்ரவரி 29 என்று ஒரு நாள் இருந்தது என்று அடித்துச் சொல்லும். அது வேறு கதை.

பிஎச்பியில் எழுதுகிறவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். கிரியேட்ஃப்ரம்ஃபார்மட் என்ற ஃபங்ஷனுக்கு வருடம்-மாதம்-நாள் மட்டும் கொடுத்தால் மணி 00:00 ஆகாது. இப்போதைய மணி வந்து உட்காரும். காலை 9 மணிக்கு ஓட்டினால் ஒரு விடை, மாலை 4 மணிக்கு ஓட்டினால் வேறு விடை. வடிவத்தின் தொடக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி போட்டால் எல்லாவற்றையும் 1970 ஜனவரி 1, 00:00க்குக் கழுவிவிட்டுத் தொடங்கும். அந்த ஒரு குறியைப் போடும் பழக்கம் இருந்தால் பாதித் தலைவலி போய்விடும். மாதம் மட்டும் கொடுத்தால் இன்னும் மோசம். 2023 ஜனவரி 31 அன்று "02" என்று மாதத்தைக் கொடுத்தால் பிப்ரவரி 31 என்று வைத்து, மீதி நாளை அடுத்த மாதத்துக்கு வழியவிட்டு, மார்ச் 3 என்று தரும். பிப்ரவரி கேட்டால் மார்ச்! மாதக் கடைசி தவிர மற்ற நாளெல்லாம் சரியாக ஓடும் என்பதுதான் இதில் கொடுமை.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். டாட்நெட்டின் டேட்டைம் பார்ஸ், நேரம் மட்டும் இருந்தால் இன்றைய தேதியை எடுத்துக்கொள்ளும்; வேண்டாம் என்று சொல்ல நோகரன்ட்டேட்டீஃபால்ட் என்று ஒரு தேர்வு உண்டு. கோ மொழி 0ஆம் வருடம் ஜனவரி 1, யூடிசி (உலகப் பொது நேரம்) என்று வைக்கும். ஜாவாவின் பழைய சிம்பிள்டேட்ஃபார்மட் 1970 ஜனவரி 1. ஜாவா 8இல் வந்த புது லோக்கல்டேட்டோ முழுத் தேதி இல்லாவிட்டால் மறுத்தேவிடும்; நிரப்ப வேண்டுமானால் பார்ஸ்டீஃபால்ட்டிங் என்று நீங்களே எழுதிச் சொல்ல வேண்டும். இதுதான் நியாயமான நடத்தை என்பது என் அபிப்பிராயம். பைத்தானின் ஃப்ரம்ஐஎஸ்ஓஃபார்மட்டும் வருடமும் மாதமும் மட்டும் கொடுத்தால் ஏற்காது. சி மொழியில் இதே பெயருள்ள ஸ்ட்ரிப்டைம் உரையில் இல்லாத அறைகளைத் தொடவே தொடாது. நீங்கள் முன்கூட்டியே சுத்தம் செய்யாத நினைவகத்தில் என்ன குப்பை கிடந்ததோ அதுவே தேதியாகும். க்ரோமில் ஜாவாஸ்கிரிப்ட் டேட்டுக்கு வருடமில்லாத தேதி கொடுத்தால் 2001 என்று வரும். ரூபியின் டேட் பார்ஸோ ஆங்கிலத்தில் குரங்கு என்று எழுதிக் கொடுத்தால் திங்கட்கிழமை என்று புரிந்துகொள்ளும். முதல் மூன்று எழுத்து ஒன்றாக இருக்கிறதல்லவா, அதனால்.

உங்கள் மொழி இந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். "10:30" கொடுத்துப் பாருங்கள். இன்றைய தேதி வந்தால் அது கடிகாரத்தைப் பார்த்து நிரப்பும் ரகம். 1900, 1970, 0 என்று ஏதாவது வந்தால் நிலையான அடித்தளம் உள்ள ரகம். பிழை வந்தால் சந்தோஷப்படுங்கள்.

படி 3: நாள் முன்னா, மாதம் முன்னா

இதுவும் டீஃபால்ட் ஆர்க்யுமென்ட்தான், ஆனால் நிரப்புவதில்லை, புரட்டுகிறது. வேலூர்க்காரருக்கு விளக்க 10/07/1806ஐவிட நல்ல தேதி கிடையாது. கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்த நாள், ஜூலை 10 விடியற்காலை. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே அடக்கிவிட்டார். நம் ஊரில் பள்ளிப் பிள்ளைகூட 10/07 என்றால் ஜூலை 10 என்று வாசிக்கும். டேட்யூட்டிலிடம் கொடுத்தால் அக்டோபர் 7 என்கிறது. ஏனென்றால் டேஃபர்ஸ்ட் என்ற ஆர்க்யுமென்ட்டின் டீஃபால்ட் ஃபால்ஸ். அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில்.

சரி, எல்லாம் ஒரே மாதிரி புரண்டால் உடனே கண்டுபிடித்துவிடலாம். அப்படிப் புரளாது. 25/07/2024 என்று கொடுத்தால் 25ஆவது மாதம் இல்லை என்று பார்த்து, சத்தமில்லாமல் ஜூலை 25 என்று சரியாக வாசிக்கும். ஆக ஒரே நெடுவரிசையில் 13ஆம் தேதி முதல் எல்லாம் சரி, 12 வரை எல்லாம் தப்பு; நாளும் மாதமும் ஒரே எண்ணாக வரும் தேதி மட்டும் விதிவிலக்கு. பாண்டாஸ் லைப்ரரியின் டுடேட்டைம் ஃபங்ஷனும் ரொம்ப நாள் இப்படித்தான் வரிக்கு வரி மனம் மாறிக்கொண்டிருந்தது. 2023இல் வந்த பாண்டாஸ் 2.0 முதல், முதல் மதிப்பைப் பார்த்து ஒரு வடிவத்தை யூகித்து, எல்லா வரிக்கும் அதையே பிடித்துக்கொள்கிறது. பொருந்தாத வரி வந்தால் பிழை. நல்ல மாற்றம். ஆனால் எரர்ஸ் என்ற ஆர்க்யுமென்ட்டில் கோயர்ஸ் என்று எழுதி வைத்திருந்தால் பிழை வராது, பொருந்தாத வரியெல்லாம் காலியாகிவிடும். இணையத்தில் எங்கோ பார்த்து ஒட்டிய கோயர்ஸ் உங்கள் நிரலில் இருந்தால் இன்றே தேடிப் பாருங்கள்.

பிஎச்பியில் பிரிக்கும் குறிதான் தீர்மானிக்கும். சாய்கோடு என்றால் மாதம் முன். இடைக்கோடோ புள்ளியோ என்றால் நாள் முன். 10/07/2024 அக்டோபர், 10-07-2024 ஜூலை. எழுதியவர் விரல் எந்தக் குறி மேல் விழுந்ததோ அதைப் பொறுத்து மூன்று மாத வித்தியாசம்.

"டேஃபர்ஸ்ட் ட்ரூ என்று போட்டுவிட்டால் முடிந்ததா?" இல்லை. டேட்யூட்டிலில் அதைப் போட்டால், நன்றாக இருந்த 2024-07-10 என்ற ஐஎஸ்ஓ தேதியையும் (வருடம்-மாதம்-நாள் என்ற சர்வதேச வடிவம்) வருடம்-நாள்-மாதம் என்று வாசித்து அக்டோபர் 7 ஆக்கிவிடும். நான் இதில் ஒரு நாள் முழுக்கத் தொலைத்தேன். ஐஎஸ்ஓ வடிவம் வரக்கூடும் என்றால் அதைத் தனியாக முதலில் சோதித்து எடுத்துவிட வேண்டும். வடிவம் ஒன்றுதான் என்று உறுதியாகத் தெரிந்தால் யூகிக்கும் ஃபங்ஷனே வேண்டாம். "%டி/%எம்/%ஒய்" என்று வடிவத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதில் டியும் எம்மும் சின்ன எழுத்து, ஒய் மட்டும் பெரிய எழுத்து. சின்ன ஒய் ஏன் ஆகாது என்பதுதான் அடுத்தது.

படி 4: இரண்டு இலக்க வருடம்

வருடத்தின் முன்பாதியும் விட்டுப்போன துண்டுதான். பைத்தான் ஸ்ட்ரிப்டைமில் சின்ன ஒய் போட்டால் 69 முதல் 99 வரை 1900களில், 00 முதல் 68 வரை 2000களில். 68இல் பிறந்த ஒருவரின் பிறந்த தேதியை இப்படி வாசித்தால் அவர் 2068இல்தான் பிறப்பார். வயது கணக்கிட்டால் கழித்தல் குறி வரும். சிலர் அதை மறைக்கக் கழித்தல் குறியை நீக்கிவிட்டுப் போவதையும் பார்த்திருக்கிறேன்.

டேட்யூட்டில் இங்கேயும் கடிகாரத்தைப் பார்க்கிறது. நடப்பு வருடத்துக்கு முன்னும் பின்னும் சுமார் ஐம்பது வருடம் என்று ஜன்னல் வைத்திருக்கிறது. "74" என்பதை 2024இல் வாசித்தால் 1974. அதே கோப்பை, அதே நிரலால், 2025இல் வாசித்தால் 2074. யாரும் எதையும் தொடவில்லை, வருடம் திரும்பியது மட்டும்தான். ஜாவாவின் சிம்பிள்டேட்ஃபார்மட்டுக்கு ஜன்னல் வேறு: பின்னால் 80 வருடம், முன்னால் 20 வருடம்.

பிறந்த தேதி என்றால் எதிர்காலத்தில் இருக்க முடியாது. வாசித்த தேதி இன்றைக்குப் பிறகு வந்தால் நூறு கழிக்கலாம். தவணை தேதி என்றால் அந்த விதி ஆகாது. விதி தரவில் இருக்கிறது, லைப்ரரியில் இல்லை. இயன்றால் நான்கு இலக்கமாக எழுதச் சொல்லிவிடுங்கள்.

படி 5: இரண்டு அடித்தளச் சோதனை

இதுதான் இந்த வழிகாட்டியில் நான் தினமும் பயன்படுத்தும் பகுதி. டேட்யூட்டிலிடம் "இந்த உரையில் நாள் இருந்ததா?" என்று நேரடியாகக் கேட்க எளிய வழி இல்லை. ஆனால் ஏமாற்றிக் கேட்கலாம். ஒரே உரையை இரண்டு வெவ்வேறு டீஃபால்ட்டோடு இரண்டு முறை வாசியுங்கள். இரண்டு விடையும் ஒன்றாக இருந்தால் எல்லாத் துண்டும் உரையிலிருந்தே வந்திருக்கிறது. வேறுபட்டால், வேறுபட்ட துண்டு நீங்கள் கொடுத்த டீஃபால்ட்டிலிருந்து வந்தது, உரையில் இல்லை.

டெஃப் முழுத்தேதி(உரை):
    ட்ரை:
        ரிட்டர்ன் டேட்.ஃப்ரம்ஐஎஸ்ஓஃபார்மட்(உரை)
    எக்ஸெப்ட் வேல்யூஎரர்:
        பாஸ்
    அ = பார்ஸ்(உரை, டேஃபர்ஸ்ட்=ட்ரூ, டீஃபால்ட்=டேட்டைம்(2000, 1, 1))
    ஆ = பார்ஸ்(உரை, டேஃபர்ஸ்ட்=ட்ரூ, டீஃபால்ட்=டேட்டைம்(2004, 2, 2))
    இஃப் அ.டேட்() != ஆ.டேட்():
        ரெய்ஸ் வேல்யூஎரர்("தேதி முழுமையாக இல்லை: " + உரை)
    ரிட்டர்ன் அ.டேட்()

ஃபங்ஷன் பெயரும் அ, ஆ என்ற மாறிகளும் உண்மையிலேயே தமிழில் இருக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும். டெஃப், ரிட்டர்ன் போன்றவைதான் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்.

2000, 2004 என்று எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இரண்டும் லீப் வருடம். 2001, 2002 என்று எடுத்திருந்தால் வருடமில்லாத "29 பிப்ரவரி" வரும்போது அப்படி நாளே இல்லை என்ற தப்பான பிழை வரும். நமக்கு வேண்டியது "வருடம் இல்லை" என்ற சரியான பிழை. மாதம் 1, 2; நாள் 1, 2. மூன்று துண்டும் வேறுபடுவதைக் கவனியுங்கள். நாள் இரண்டிலும் 1 என்று வைத்துவிட்டால் "மார்ச் 2024" தப்பித்துவிடும், பழைய கதை திரும்பும்.

கையால் ஒரு முறை ஓட்டிப் பார்ப்போம். "மார்ச் 2024" கொடுக்கிறோம். ஐஎஸ்ஓ வாசிப்பு மறுக்கிறது. அ என்பது 2024 மார்ச் 1, ஆ என்பது 2024 மார்ச் 2. வேறு வேறு, பிழை. "10/07/1806" கொடுத்தால் இரண்டிலும் 1806 ஜூலை 10, தேறுகிறது. "10:30" கொடுத்தால் 2000 ஜனவரி 1, 2004 பிப்ரவரி 2, பிழை. நேரத்தை நான் ஒப்பிடவில்லை, எனக்கு நாள் மட்டும் போதும். உங்களுக்கு நேரமும் வேண்டுமானால் இரண்டு டீஃபால்ட்டிலும் மணி, நிமிடத்தை வேறு வேறாக வைத்து முழு மதிப்பையும் ஒப்பிடுங்கள்.

படி 6: உங்கள் சொந்த ஃபங்ஷனில் வைக்கும் டீஃபால்ட்

பாதித் தேதியை ஏற்றே ஆக வேண்டிய இடமும் உண்டு. "28 டிசம்பர்" என்று வருடமில்லாமல்தான் எழுதுவார்கள் என்றால் என்ன செய்வது? நீங்களே ஒரு உறை ஃபங்ஷன் எழுதி, அடிப்படைத் தேதியை ஆர்க்யுமென்ட்டாக வைப்பீர்கள். அங்கே பைத்தான்காரர்கள் விழும் குழி ஒன்று:

டெஃப் வாசி(உரை, அடிப்படை=டேட்டைம்.நவ்()):

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பைத்தானில் டீஃபால்ட் மதிப்பு, ஃபங்ஷன் வரையறுக்கப்படும் அந்த ஒரு கணத்தில் ஒரே ஒரு முறை கணக்கிடப்படும். ஒவ்வொரு அழைப்பிலும் அல்ல. திங்கட்கிழமை சர்வரை ஏற்றினால் வெள்ளிக்கிழமை வரை அந்த ஃபங்ஷனுக்குத் திங்கட்கிழமைதான். உங்கள் லேப்டாப்பில் தினமும் புதிதாக ஓட்டுவதால் தெரியவே தெரியாது. நாள்கணக்கில் நிற்காமல் ஓடும் இடத்தில்தான் தெரியும். ஜாவாஸ்கிரிப்ட்டிலும் ரூபியிலும் ஒவ்வொரு அழைப்பிலும் புதிதாகக் கணக்கிடப்படும், அந்த மொழிகளிலிருந்து வருகிறவர்கள் இதில் அதிகம் மாட்டுவார்கள்.

மருந்து தெரிந்ததுதான். அடிப்படை=நன் (எதுவும் கொடுக்கவில்லை என்று பொருள்) என்று வைத்து, உள்ளே நன் என்றால் அப்போது நவ்வைக் கூப்பிடுவது. டேட்யூட்டிலும் உள்ளே இதைத்தான் செய்கிறது. நான் இன்னும் ஒரு படி போவேன்: டீஃபால்ட்டே வைக்காதீர்கள். கூப்பிடுகிறவர் அடிப்படைத் தேதியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துங்கள். கொஞ்சம் கூடுதலாகத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். "எந்தத் தேதியைப் பொறுத்து?" என்ற கேள்வி ஒவ்வொரு இடத்திலும் கண்முன் நிற்கும்.

இனி வருடம். ஜனவரி 2 அன்று "28 டிசம்பர்" என்பதை வாசித்தால் நடப்பு வருடம் ஒட்டிக்கொண்டு, இனிமேல் வரப்போகும் டிசம்பர் ஆகிவிடும். பொருள் வந்த தேதி என்றால் அது கடந்த வாரம். லைப்ரரிக்கு உங்கள் பதிவேடு பின்னோக்கிப் பார்க்கிறதா முன்னோக்கிப் பார்க்கிறதா என்று தெரியாது. வந்த தேதி என்றால்: விடை அடிப்படைத் தேதிக்குப் பின் விழுந்தால் ஒரு வருடம் கழி. தரவேண்டிய தேதி என்றால்: முன் விழுந்தால் ஒரு வருடம் கூட்டு. இரண்டும் கலந்த பதிவேடு என்றால் இரண்டு ஃபங்ஷன் எழுதுங்கள், ஒன்றுக்குள் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள்.

படி 7: நேர மண்டலம்

ஏழாவது துண்டு யாரும் எழுதாத துண்டு. ஜாவாஸ்கிரிப்ட்டில் "2024-07-10" என்று தேதி மட்டும் கொடுத்தால் யூடிசி நள்ளிரவு. அதோடு நேரத்தையும் சேர்த்து, மண்டலம் சொல்லாமல் கொடுத்தால் உள்ளூர் நேரம். ஒரே ஃபங்ஷன், இரண்டு டீஃபால்ட். நமக்கு 5:30 மணி முன்னால் இருப்பதால் முதல் வகை காலை 5:30 என்று காட்டும். நாள் மாறாது, அதனால் நம் ஊரில் யாரும் கண்டுகொள்வதில்லை.

நமக்கு அடி விழுவது எதிர்ப்பக்கத்தில். நாள்காட்டிப் பெட்டியில் ஜூலை 10ஐத் தொடுகிறோம். அது உள்ளூர் நள்ளிரவாக வருகிறது. அதை டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் மூலம் அனுப்பினால் ஜூலை 9, 18:30 யூடிசி. சர்வர் முதல் பத்து எழுத்தை மட்டும் வெட்டி எடுத்து வைத்தால் ஜூலை 9. வேலூரில் உட்கார்ந்து பதிவு செய்தவருக்கு ஒவ்வொரு தேதியும் ஒரு நாள் முன்னால் போய் நிற்கும். நாள் மட்டும் வேண்டுமென்றால் நேரக்குறியாக மாற்றவே மாற்றாதீர்கள். வருடம், மாதம், நாள் மூன்றையும் தனித்தனியாக எடுத்து உரையாகவே அனுப்புங்கள். மாதத்தை எடுக்கும்போது ஒன்று கூட்ட மறக்க வேண்டாம், ஜாவாஸ்கிரிப்ட்டில் ஜனவரி 0.

கோ மொழியில் மண்டலம் இல்லாத உரை யூடிசி ஆகும். இந்திய நேரம் வேண்டுமானால் பார்ஸ்இன்லொகேஷன்.

படி 8: எந்த நாளில் சோதிப்பது

இந்தப் பிழைகள் எல்லாம் நாள் பார்த்து வருபவை. அதனால் சோதனையும் நாள் பார்த்துத்தான் செய்ய வேண்டும். அடிப்படைத் தேதியை ஆர்க்யுமென்ட்டாக வைத்திருந்தால் கணினிக் கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை, வேண்டிய நாளைக் கொடுத்தால் போதும். ஜனவரி 31, லீப் வருட பிப்ரவரி 29, ஜனவரி 2, மே 31, ஜூன் 1 ஆகிய ஐந்து நாளிலும் ஒரே கோப்பை ஓட்டிப் பாருங்கள். வாசித்த தேதிகள் ஐந்து முறையும் ஒன்றாகவே வர வேண்டும். ஒரு வரி மாறினாலும் அந்த வரியில் பாதித் தேதி இருக்கிறது. கோப்பில் 12க்குள் நாள் வரும் தேதி, 12க்கு மேல் வரும் தேதி, வருடமில்லாதது, நாளில்லாதது, வெறும் நேரம், காலி அறை எல்லாம் ஒவ்வொன்றாவது இருக்கட்டும்.

படி 5இல் உள்ள ஃபங்ஷனை அந்த யூனிட்டின் நிரலில் வைத்து ஓட்டியபோது நான்கு லாட்டும் வெளியே வந்து விழுந்தன. அக்கா பழைய டெலிவரி சலான் கட்டைப் பிரித்து மூன்றுக்குத் தேதி கண்டுபிடித்துக் கொடுத்தார். நான்காவது கிடைக்கவில்லை. "ஏதோ ஒண்ணு போட்டுடு தம்பி, மார்ச் 1ன்னு" என்றார். போடவில்லை. அந்த அறையைக் காலியாக விடும்படி நிரலை மாற்றினேன். இப்போது பட்டியலில் அந்த லாட்டுக்கு நேரே நாள் கணக்கு வராது, ஒரு கோடு மட்டும் வரும். முதல் இரண்டு நாள் அது என்ன கோடு என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் அந்த லாட்டைத் தைத்து அனுப்பிவிட்டார்கள்.